மாமா மொழிபெயர்த்த சாட்சி

எங்கள் சபையில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், ஊர், வேலை, பிள்ளைகள் எல்லாம் விசாரித்து முடிந்தபின் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள்? பிறந்த நாளைப் போல அதற்கும் ஒரு தேதி இருக்க வேண்டும். தேதி சொல்லத் தெரியாதவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சங்கடம் வந்ததே இல்லை. பதினோராம் வயதில், மே மாதக் கடைசி வாரத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் என் தந்தை தம் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். இரட்சிக்கப்பட்ட கதையைச் சாட்சி என்போம்; அதை வாலிபர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், கல்லூரி ஜெபக்குழுவில் சொல்லியிருக்கிறேன், சென்ற வருடம் பேரன் நீட்டிப் பிடித்த கைப்பேசியின் முன்னால் உட்கார்ந்து சபையின் வாட்ஸ்அப் குழுவுக்காகவும் சொன்னேன். எல்லா முறையும் பாதியைத்தான் சொன்னேன். எழுபத்தாறு வயதில் மீதியை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் சித்தூரிலிருந்து புத்தலப்பட்டுக்குப் போகும் சாலையில் ஒரு சிற்றூரில் இருந்தோம். தேவாலயம், பள்ளிக்கூடம், சிறு ஆஸ்பத்திரி, ஏழெட்டு வீடுகள் எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள். காம்பவுண்டு என்போம். என் தந்தை பள்ளியின் தலைமையாசிரியர். சபை மூப்பரும் அவரே. எங்கள் பக்கத்தில் தந்தையை நைனா என்று கூப்பிடுவோம். நைனாவின் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சபையில் இருந்தது. அம்மாவின் குடும்பம் கார்வேட்டிநகரத்துப் பக்கம்; அம்மாவின் தந்தை காலத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். அம்மாவின் பெரியப்பா வீட்டில் இன்னும் வருடா வருடம் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றினார்கள். கோபம் வரும்போதெல்லாம் நைனா இந்த வித்தியாசத்தைக் குறிப்பிடத் தவறமாட்டார். பரலோகத்தில் முன்வரிசை, பின்வரிசை என்று இருந்தால் எங்கள் வீட்டிலேயே இரண்டும் இருந்தன.

அம்மாவின் தம்பி, என் மாமா, இரண்டு வருடமாக எங்களோடு தங்கியிருந்தார். இருபத்துநான்கு வயது. சிறு சபைகளை நடத்தும் உபதேசியார் வேலைக்குப் படித்து முடித்திருந்தார். வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கூடிவந்த ஒரு சிறு சபைக்கு அவரை அனுப்புவதாகப் பேச்சு. அங்கே பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. இரண்டையும் ஒரே ஓட்டமாகப் பேசுகிறவர் மாமாவை விட்டால் எங்கள் வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை. மே மாதக் கடைசியில் எங்கள் காம்பவுண்டில் மூன்று நாள், விசுவாசத்தைத் தட்டியெழுப்பும் உஜ்ஜீவக் கூட்டம் வைத்திருந்தார்கள். அதன் கடைசி நாளில் எல்லோர் முன்னிலையிலும் மாமாவின் தலைமேல் கைவைத்து ஜெபித்து அனுப்புவதாக ஏற்பாடு. அடுத்த மாதமே கல்யாணம். பெண், புத்தலப்பட்டு உபதேசியாரின் மகள். வேலை உறுதியானால்தான் பெண் என்று அவர் நைனாவிடம் சொல்லியிருந்தார். ஆக, மாமாவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சனிக்கிழமையில் வந்து நின்றது.

அந்த நாளில் போட்டுக்கொள்வதற்காக மாமா திருப்பதியில் ஒரு வெள்ளை ஜிப்பா தைக்கக் கொடுத்திருந்தார். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு அதை வாங்கிவரக் கிளம்பியபோது நான் அழுது அடம்பிடித்துக் கூடவே போனேன். அது கங்கம்மா ஜாத்திரை வாரம். காம்பவுண்டுக்காரர்கள் யாரும் அந்த வாரம் திருப்பதிப் பக்கம் போவதில்லை. ஆனால் தையற்காரர் சொன்ன நாள் அதுவாகிவிட்டது.

தெருவெல்லாம் மேளம். புடவை கட்டி, நகை போட்டு, முகத்தில் சந்தனம் பூசிய ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் நுழைந்தார். ஜிப்பாவின் கழுத்து சரியாக அமையவில்லை. பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. நான் கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். தகிக்கிற வெயில். எதிர்ச் சந்தில் ஒரு பெண்மணி பெரிய பானையை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் எழுந்து போனேன். கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி, மூன்று முறை வாங்கிக் குடித்தேன்.

மாமா வெளியே வந்தபோது என் மோவாயில் கூழ் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கணம் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தோள் துண்டால் என் வாயைத் துடைத்துவிட்டார். தாகத்துக்குத்தான் குடித்தாய், வேறு ஒன்றும் இல்லை, வீட்டில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்குவது கஷ்டம். எங்கள் சபையில் திருடினவரை ஒரு மாதம் திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பார்கள். அதாவது, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். படைத்ததைச் சாப்பிட்டவருக்கு ஆறு மாதம். அதுவும் சபை முன் நின்று தவற்றை ஒத்துக்கொண்டால்தான்.

உஜ்ஜீவக் கூட்டம் வியாழக்கிழமை ஆரம்பித்தது. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்துப் பொழுது சாயும் வரை நடக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் தென்னங்கீற்றுப் பந்தல். பிரசங்கியார் கோஸ்தாவிலிருந்து, ஆந்திரக் கடலோரப் பக்கத்திலிருந்து, வந்தவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மாமா அவர் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார். பிரசங்கியார் கையை ஓங்கினால் மாமாவும் ஓங்குவார். அவர் குரல் தழுதழுத்தால் இவர் குரலும் தழுதழுக்கும். பிரசங்கம் முடிந்ததும் சாட்சி வேளை. உள்ளத்தில் குத்தப்பட்டவர்கள் எழுந்து நின்று, தாங்கள் செய்த பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும். பொதுவாக “நான் பாவி” என்று சொன்னால் பிரசங்கியார் விடமாட்டார். என்ன பாவம், எங்கே, எப்போது என்று கேட்பார். தமிழில் சொன்னதை மாமா தெலுங்கில் சொன்னார், தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொன்னார். “நான் திருடினேன்” என்று ஒருவர் சொன்னால் மாமாவும் “நான் திருடினேன்” என்றே சொல்வார். இரண்டு நாளில், மாமா தம் வாயால் ஒத்துக்கொள்ளாத பாவம் என்று அந்தக் காம்பவுண்டில் ஒன்றும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மகன் எழுந்தான். என் வகுப்புதான். ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த இனிப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைத்ததாகச் சொன்னான். தேம்பித் தேம்பி அழுதான். பிரசங்கியார் மேடையிலிருந்து இறங்கிவந்து அவனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. நான் பாயில் உட்கார்ந்து பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். பொறாமையும் பாவம்தான் என்று அப்போது தோன்றியிருந்தால் எழுந்து அதைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நைனா என் பக்கம் திரும்பாமலே பேசினார். “கம்பவுண்டர் புள்ள எழுந்துட்டான். எச்.எம். புள்ள எழுந்துக்கல. கல்லு மனசா, இல்ல பாவமே பண்ணாத பரிசுத்தவானா நீ?”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, சின்னப் பையன், அவனுக்கு அழுகை வரும்போது வரட்டும் என்றார். எனக்கு அடி விழாவிட்டாலும் விழுந்தது போலவே இருந்தது.

மறுநாள் காலை முழுவதும் பாவம் தேடினேன். கிணற்றடியில், பள்ளிக்கூடத்தின் பின்னால், வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மாங்காய் திருடியதை ஆறு பேர் சொல்லிவிட்டார்கள். பென்சில் நான்கு பேர். கணக்கைப் பார்த்து எழுதியது எல்லோரும். மிச்சமிருந்த என் பாவங்கள் எல்லாம் உப்புச் சப்பில்லாதவை. பிரசங்கியார் அவற்றுக்காக மேடையை விட்டு இறங்கமாட்டார். அப்போதுதான் திருப்பதிக் கூழ் ஞாபகம் வந்தது. அதற்கு முன் அது பாவம் என்று எனக்கு உறுத்தியதே இல்லை. இப்போது அதைப் புதையல் கண்டவன் போலக் கண்டுகொண்டேன். கம்பவுண்டர் மகனின் மருந்தெல்லாம் அதன் முன் எம்மாத்திரம்?

சனிக்கிழமை பந்தல் நிறைந்திருந்தது. மாமா வெள்ளை ஜிப்பாவில் நின்றார். புத்தலப்பட்டு உபதேசியார் மூப்பர்கள் பெஞ்சில் நைனாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள் பெண்கள் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். அம்மா அவள் தலையில் பூ வைத்துவிட்டது எனக்குத் தெரிந்தது. பிரசங்கம், முதல் மனிதன் தோட்டத்தில் ஒளிந்ததைப் பற்றி. பழத்தைத் தின்றது பெரிய பாவம், தின்றபின் அடுத்தவரைக் காட்டியது அதைவிடப் பெரிய பாவம் என்றார் பிரசங்கியார். மாமா அதை அவ்வளவு உருக்கமாகத் தமிழில் சொன்னார். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று நான் எண்ணிப்பார்க்கவே இல்லை. எப்போது சாட்சி வேளை வரும் என்றே காத்திருந்தேன்.

வந்ததும் முதலில் எழுந்தேன். நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரசங்கியார் சிரித்தார். “செப்பு நாயனா, பயபடகு,” என்றார். “சொல்லுப்பா, பயப்படாதே,” என்றார் மாமா.

“நான் திருப்பதியில கங்கம்மா கூழு குடிச்சேன்.”

பந்தலில் தமிழ் தெரிந்த பாதி அப்படியே அடங்கிப்போயிற்று. மாமா என் குரலைப் போலவே சின்னக் குரலில் அதைத் தெலுங்கில் சொன்னார். மற்றப் பாதியும் அடங்கியது. நான் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. பிரசங்கியாரின் கண்கள் பளபளத்தன. மேடை விளிம்புக்கு வந்து ஏதோ கேட்டார். மாமா என்னைப் பார்த்து அதைத் தமிழில் கேட்டார்.

“யாரு குடுத்தாங்க?”

அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் பெருமை இல்லை. தாடை இறுகியிருந்தது. அடுத்தவர் பிள்ளை மருந்து திருடியது ஒரு விஷயம். தம் பிள்ளை விக்கிரகத்துக்குப் படைத்ததைக் கையேந்தி வாங்கிக் குடித்தது வேறு விஷயம். வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்பது அந்தத் தாடையில் தெரிந்தது. யாரென்று தெரியாத ஒரு பெண்மணி கொடுத்தார், நானாகத்தான் போனேன் என்பதுதான் பதில். வாயில் வந்தது வேறு.

“மாமா. மாமாதான் குடிக்கச் சொன்னாரு. மாமாவும் குடிச்சாரு. சாமிய கும்புட்டாரு.”

நான் அழவும் ஆரம்பித்தேன். இரண்டு நாளாக வராத அழுகை பயத்தில் தாராளமாக வந்தது.

மாமா மேடையில் நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாம். பிரசங்கியாருக்குத் தெரிந்திருக்காது. பையன் உளறுகிறான் என்று சொல்லி உட்காரவைத்திருக்கலாம். அவர் நான் சொன்னதை நான் சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். “மா மாமா,” என்றார். “மா மாமே தாகமன்னாடு. மா மாமகூட தாகாடு. தண்ணம் பெட்டாடு.” என் மாமாதான் குடிக்கச் சொன்னார், மாமாவும் குடித்தார், கும்பிட்டார் என்று மாமாவே சொன்னார். அவர் குரலில் அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பொய்யைச் சொன்னவன் நான் என்பது போய், அது எங்கேயோ உண்மையாக நடந்து முடிந்தது போல ஆகிவிட்டது. அவரே சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன்.

எந்த மாமா என்று பிரசங்கியார் கேட்டார். மாமா அதையும் என்னிடம் தமிழில் கேட்டார். கையை நீட்டி அவரைக் காட்டினேன்.

மாமா பிரசங்கியாரிடம் திரும்பினார். “நேனே,” என்றார். நான்தான்.

பிரசங்கியார் முதலில் என்னிடம்தான் வந்தார். தலைமேல் கைவைத்து, இந்தப் பிள்ளை இன்று மரணத்திலிருந்து ஜீவனுக்கு வந்தான் என்று அறிவித்தார். நைனா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடி விழாது என்று தெரிந்துகொண்டேன். அதுதான் என் இரட்சிப்பு. அதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் நடக்கவில்லை.

பிறகு எங்கள் போதகர் எழுந்து, உண்மையா என்று மாமாவைக் கேட்டார். மாமா தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை பதில் சொன்னார். பையன் குடித்தது நிஜம். அதை வீட்டில் சொல்லாமல் மறைத்தது தாம் செய்த தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறார். தாம் குடிக்கவில்லை. கும்பிடவில்லை.

பாதியை ஒத்துக்கொண்டதே அவருக்கு வினையாகிவிட்டது. மறைத்தவர் மற்றதையும் மறைக்கமாட்டாரா என்று பெஞ்சில் ஒருவர் முனகினார். நைனா சத்தமாகவே சொன்னார், அந்த வீட்டு வழக்கம் எங்கே போகும் என்று. போதகர் கெட்டவர் அல்ல, வருத்தத்தோடுதான் கேட்டார்: “இரட்சிக்கப்படுற நேரத்துல ஒரு குழந்த பொய் சொல்லுமாப்பா?”

மனிதரில் நல்லவர் ஒருவரும் இல்லை, பிறந்த குழந்தைவரை எல்லோரும் பாவத்தில் விழுந்தவர்களே என்று மூன்று நாளாகக் கேட்டு ஆமென் சொன்ன கூட்டம் அது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட, குழந்தை பொய் சொல்லும் என்று சொல்லவில்லை.

பிரசங்கியார் மாமாவின் தோளில் கைபோட்டார். அவர் பேசியதை மாமாவே எங்களுக்குத் தமிழில் சொன்னார். வேறு யார் சொல்ல? “தம்பி, இது பெரிய காரியமில்ல. ஒரு வார்த்த சொல்லு, போதும். இப்பவே மன்னிப்பு இருக்குது. இப்பவே உன் தலமேல கைவைக்கிறேன்.” அடுத்தவர் ஒருவருக்கு எடுத்துச் சொல்வது போல, எங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பந்தல் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தது. சொல்லியிருந்தால் ஆறு மாதம்கூட விலக்கியிருக்க மாட்டார்கள். வேலை கிடைத்திருக்கும். பெண்கள் வரிசையில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அம்மா தம்பியைப் பார்த்து, ‘சொல்லிவிடு, சொல்லிவிடு’ என்பது போல உதட்டை அசைத்தாள்.

ஜிப்பாவின் கழுத்து வேர்வையில் ஈரமாகியிருந்தது.

“நான் பாவி இல்லன்னு சொல்லலைங்க,” என்றார் கடைசியில். “எவ்வளவோ இருக்குது, கேட்டா ஒண்ணொண்ணா சொல்றேன். இது என்னுது இல்ல. செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கிக்கினா, அப்புறம் செஞ்சதுக்கெல்லாம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய் நிப்பேன்?”

அதையும் அவரே தெலுங்கில் சொன்னார். பிரசங்கியார் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். பெருமைதான் கடைசியாக விழும் கோட்டை என்று சொல்லி ஜெபித்தார். புத்தலப்பட்டு உபதேசியார் எழுந்து மகளைக் கூப்பிட்டுக்கொண்டு பந்தலை விட்டுப் போனார். அதற்குப் பிறகு அன்று வேறு யார் தலைமேலும் கைவைக்கவில்லை. முடிவு ஜெபத்தைப் பிரசங்கியார் தெலுங்கில் மட்டும் செய்தார்.

விளக்கு வைக்கும் வேளையில் அம்மா என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போனாள். “உங்க நைனா இல்ல இங்க. எனக்கு மட்டும் சொல்லு. உங்க மாமா குடிச்சானா?” என்றாள். நைனா கூடத்தில் என் வேதாகமத்தை எடுத்துவைத்துத் தேதி எழுதிக்கொண்டிருந்தார். பேனாவின் கீறல் சத்தம் கேட்டது. ஆமாம் என்றேன். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாகும்வரை அதை மறுபடி என்னிடம் கேட்கவில்லை. நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை மாமா ஊரை விட்டுப் போனார். அந்தக் காலைப்பொழுதை எழுதக் கை வரவில்லை. அதனால் அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வரதய்யபாளையத்துக்கு வேறொருவரை அனுப்பினார்கள். அவருக்குத் தெலுங்கு வராது. அந்தச் சபை இரண்டே வருடத்தில் கலைந்தது. புத்தலப்பட்டுப் பெண்ணை நெல்லூர்ப் பக்கம் கொடுத்தார்கள். மாமா சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலையில் சேர்ந்து அங்கேயே வயதானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்காருவார். திருவிருந்து ஆரம்பிக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் நிற்பார். போதகர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவரும், பழைய விஷயம், ஒத்துக்கொண்டால் எழுதி முடித்துவிடலாம் என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

நான் சித்தூரிலேயே கல்லூரியில் படித்தேன், பிறகு அங்கேயே விரிவுரையாளரானேன், மாமா வந்துகொண்டிருந்த அதே தேவாலயத்தில் மூப்பரானேன். திருவிருந்தில் ரசக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போதகரின் பின்னால் நடந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக மரத்தடி தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் தெரிந்தது. எத்தனையோ தடவை மண்டிக்குப் போய் அவரோடு டீ குடித்தேன். என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பார். சொல்ல வேண்டும் என்று கிளம்பிப் போய்ச் சொல்லாமல் திரும்பிய நாட்கள் உண்டு. தைரியம் வராததால் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மையல்ல. சொன்னால் என் தேதி போய்விடும். அவர் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று, நல்ல மனிதர், ஒரே ஒரு பிடிவாதம் தவிர என்று நான்தான் இரங்கலுரை பேசினேன்.

இப்போது அந்தக் காலை.

நைனா வழியனுப்பப் போகக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா புளிச்சோற்றைக் கட்டி என்னிடம் கொடுத்து, ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வா என்றாள். மாமா சாலையோரம் புளிய மரத்தடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய சட்டை போட்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்து எட்டியே நின்றேன். கிட்ட வா என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம்விட்டார்.

“நைனாவுக்கு பயந்துக்கினு சொன்னே. எனக்குத் தெரியும்டா,” என்றார்.

நான் பெட்டியின் நுனியில் உட்கார்ந்தேன்.

“இப்பக்கூட ஒண்ணும் ஆவல. ஆராதன ஆரம்பிக்கிறதுக்குள்ள போய் சொல்லிடலாம். நானும் கூட வரேன். உங்க நைனா கம்பு எடுத்தாருன்னா நான் நடுவுல நின்னுக்கிறேன். உம்மேல ஒண்ணு விழாது.”

வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காக என்னிடம் நைசாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். பெரியவர்கள் அப்படித்தான், காரியம் ஆக வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்துவார்கள். தலையைக் குனிந்துகொண்டு காலால் புளியங்கொட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஏழு மணி பஸ் திருப்பத்தில் வந்தது. மாமா எழுந்திருக்கவில்லை. பஸ் எங்கள் எதிரில் நின்றது. கண்டக்டர் சித்தூர், சித்தூர் என்று கத்தினார், பெட்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. தேவாலயத்தில் முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. ஒன்பதரை பஸ் வந்தபோது அதில் நிற்கக்கூட இடமில்லை. மாமா எழுந்து என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் தொற்றி ஏறினார்.

வீட்டுக்கு ஓடினேன். ஏழு மணி பஸ்ஸுக்கே போய்விட்டானா என்று அம்மா கேட்டாள். இல்லை, அதில் கூட்டம் என்றேன். அதில் கூட்டமே இல்லை. ஜன்னலோர இருக்கைகள்கூடக் காலியாக இருந்தன, நான் பார்த்தேன். அவ்வளவு இடம் இருக்கும்போது ஏறாமல், நெரிசலில் தொங்கிக்கொண்டு போகிறாரே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அடுத்த பஸ் இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் என்பது மாமாவுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.